தர்மாஸ்பத்திரியும் தனியாரும்: சேரியிலிருந்து ஒரு கணக்கு

மருத்துவத்தைச் சந்தையிடம் விட்டுவிடலாமா, அரசே நடத்த வேண்டுமா என்ற விவாதம் நம் ஊரில் நாற்பது வருடமாக ஓய்ந்தபாடில்லை. சந்தைக்காரர்கள் போட்டி என்கிறார்கள், தரம் என்கிறார்கள், காசு கொடுக்கிறவனுக்குத்தான் மரியாதை என்கிறார்கள். அரசுப் பக்கம் நின்று பேசும் இடதுசாரித் தோழர்கள் ஏழை என்கிறார்கள், வர்க்கம் என்கிறார்கள், உலக வங்கி என்கிறார்கள். இரண்டு தரப்பும் பேசி முடிக்கிற வரைக்கும் சாதி என்கிற வார்த்தை வராது. நோயாளிக்கு ஒரு உடம்பு இருக்கிறது, அந்த உடம்பை இன்னொருவர் தொட்டாக வேண்டும், தொட்டால் தீட்டு என்று நினைக்கிற நாட்டில்தான் இந்த விவாதமே நடக்கிறது என்பது இவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. நாம் அங்கேயிருந்து தொடங்குவோம்.

1929ம் வருடம். காத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகிறது, நெஞ்சு வீங்கி மூச்சு விட முடியவில்லை. ஆசிரியர் டாக்டரைக் கூப்பிடப் போகிறார். சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனுசரைக் கெஞ்சி, பீஸ் இரண்டு ரூபாய்க்கு அவரையே ஜாமீன் நிற்க வைத்த பிறகு, பிள்ளை பெற்ற பெண்ணைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறார். கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, வந்த வழியிலேயே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். நோய் முற்றியபோது மறுபடியும் வந்து பார்க்க மறுத்தார். அந்தப் பெண் செத்துப்போனாள். ஆசிரியர் எழுதிய கடிதம் அந்த வருடம் டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்தது. அம்பேத்கர் அதைத் தம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எடுத்துச் சேர்த்தார்.

தீண்டாமைக் கொடுமைக்கு உதாரணமாக இந்தச் சம்பவத்தை எல்லோரும் சொல்கிறோம். இன்னொரு விதமாகவும் இதைப் படிக்க வேண்டும். இது ஒரு வியாபாரம். விற்கிறவர் டாக்டர், வாங்குகிறவர் ஆசிரியர், விலை இரண்டு ரூபாய். அரசு குறுக்கே வரவில்லை. வாங்குகிறவர் கையில் காசு இருந்தது, இல்லாததற்கு ஜாமீனும் இருந்தது. சந்தைப் புத்தகம் கேட்கிற எல்லாமே அந்தத் தெருவில் இருந்தது. அதற்கு மேலே சாதி இருந்தது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் பிரீட்மன் 1962ல் வெளியிட்ட தம் புத்தகத்தில், டாக்டர் தொழிலுக்கு அரசு உரிமம் வழங்குவதுகூட வேண்டாம் என்கிற அளவுக்குப் போனார். சந்தைக்கு முகம் தெரியாது, ஆகவே நிறமோ மதமோ அங்கே செல்லாது என்பதும் அவர் வாதம்தான். இருக்கலாம். மூட்டையில் வருகிற கோதுமைக்கு முகம் இல்லை. நாடிக்கு? பேறுகால உடம்புக்கு? அடுத்த வருடமே, 1963ல், கென்னத் ஆரோ என்ற இன்னொரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மருத்துவம் மற்ற சரக்கு போன்றதல்ல என்று விளக்கி எழுதினார். நோய் எப்போது வரும் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, என்ன வாங்க வேண்டும் என்பதையும் விற்கிறவனே முடிவு செய்கிறான். மிகச் சரி. ஆனால் விற்கிறவன் கையை நீட்டவே மாட்டேன் என்கிற நிலைமை அவர் கணக்கில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் நம் ஊர்க்காரர் இல்லை. அவரை மேற்கோள் காட்டிப் பேசுகிற நம் ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அரசும் சந்தையும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு, கொடையாளர்களின் தர்மம். அதற்கும் சென்னையில் ஒரு சரித்திரம் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை இன்றைக்கும் ஜனங்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்கிறார்கள். முழுப் பெயரைச் சொல்வதில்லை. 1885ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டரின் முயற்சியால் அது தொடங்கப்பட்டபோது அது சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. மற்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வராத பெண்களுக்காகக் கட்டியது. அவர்களும் பெண்கள்தான், பிரசவத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், டாக்டரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கொடையாளன் பணத்தில் நடக்கிற இடம் கொடையாளன் வீட்டு ஒழுங்கையும் கூடவே கொண்டுவருகிறது. 'சாதி' இல்லாத பெண்களுக்கு 1844லிருந்தே இயங்கிய எழும்பூர் அரசு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. விக்டோரியா ஆஸ்பத்திரி பிற்பாடு அரசு கைக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு கஸ்தூர்பா பெயரைத் தாங்கிய பிறகுதான் பலகையிலிருந்து சாதி போயிற்று.

எங்கள் வேலூர்ப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியின் கதை இதற்கு நேர்மாறானது. 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றை அறையில் தொடங்கியது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

அரசின் பக்கம் வருவோம். சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது, இந்தியாவில் முதல் சட்டம் அதுதான். சிகிச்சை வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு என்று தனி இயக்குநரகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1946ல் ஜோசப் போர் தலைமையிலான குழு, காசில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்பதை அடிப்படையாக வைத்து அறிக்கை கொடுத்தது. உடனடித் திட்டமாக நாற்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று அந்தக் குழு சொன்னது. 1952 அக்டோபர் 2ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வர ஆரம்பித்தன.

வந்தன, எங்கே வந்தன? எங்க பக்கத்தில் எனக்குத் தெரிந்த நிலையங்களில் பெரும்பாலானவை ஊர்த்தெருவை ஒட்டி, ஊர்ப் பெரியதனக்காரர் கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. சேரியிலிருந்து போகிறவள் அந்தத் தெருவைக் கடந்துதான் போக வேண்டும். நர்சம்மா சேரிக்கு வந்தால் வேப்பமரத்தடியில் நின்று பிள்ளைகளை அங்கே கொண்டுவரச் சொல்லி ஊசி போடுவார் என்று என் அம்மா சொல்வார். அரசு என்றால் உடனே சமத்துவம் என்று எண்ணிக்கொள்கிற தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். அரசு நாற்காலியில் உட்கார்ந்தவன் சாதியை வீட்டில் கழற்றி மாட்டிவிட்டு வந்ததில்லை.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயம் நடந்தது, அது வேறெங்கும் நடக்கவில்லை. ஒன்று, அங்கே தொட மறுப்பவன் மேல் புகார் எழுத ஒரு இடம் இருந்தது. பலன் கிடைத்ததா என்பது வேறு, எழுத இடம் இருந்தது. இரண்டாவது, இடஒதுக்கீடு. ரோஸ்டர் எண் வந்தால் நம் பிள்ளை டாக்டராக அந்த நாற்காலியில் உட்கார்வான். காத்தியவாரில் கையை நீட்டாத சாதிக்காரன், நம் பெண்ணிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லி நிற்கிறான். எங்கள் ஒன்றியத்திலேயே இதை நான் பார்த்திருக்கிறேன். சிறு நகரங்களில் தனியார் கிளினிக் பெருகியதற்கு வருமானம், வசதி என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். 'நம்ம ஆளு டாக்டர்கிட்ட போயிடலாம்' என்பதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தனியாரில் ரோஸ்டர் கிடையாது.

இந்த இடத்தில் அம்பேத்கரை மறுபடியும் படிக்க வேண்டும். சட்ட மேதை என்று சிலையாக்கிவிட்டு மற்றதை மறந்துவிட்டோம். 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். 1942லிருந்து 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு பற்றிய அதார்க்கரின் அறிக்கை 1944ல் அந்தக் காலத்தில்தான் வந்தது. அதன் வழியில் 1948ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் சொல்கிற ஈ.எஸ்.ஐ., நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். ஒரு தலித் இருந்த துறையில் தொடங்கி, இன்னொரு தலித் இருந்த துறையில் முடிந்த வேலை. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தொடர்ச்சியை எங்கே எழுதியிருக்கிறார்கள்?

1947ல் வெளிவந்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் அம்பேத்கர் காப்பீட்டுத் தொழில் முழுவதும் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்று கேட்டார், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னார். அரசு விலகிக்கொண்டால் சுதந்திரம் வரும் என்கிறார்களே, அது யாருடைய சுதந்திரம், விலகிய இடத்தில் முதலாளியின் அதிகாரம்தானே உட்காரும் என்பது அவர் கேள்வி. சட்டத்தில் அது ஏறவில்லை. ஆயுள் காப்பீடு 1956ல் தேசியமயமானது, பொதுக் காப்பீடு 1972 சட்டத்தின்படி. 1999ல் வந்த சட்டம் மறுபடியும் தனியாருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

ஈ.எஸ்.ஐ. நம்மவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தோல் பதனிடும் தொழில். தோல் ஷாப்பில் பேர் பதிந்த ஆளுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவன், பச்சைத் தோலைப் புரட்டுகிறவன் பெரும்பாலும் கங்காணி கொண்டுவந்த தினக்கூலி, அவன் பேர் எந்த ரிஜிஸ்தரிலும் இருக்காது. என் சித்தப்பா இருபது வருடம் குழியில் இறங்கினார். கை கால் தோலெல்லாம் வெடித்துப் போயிருக்கும். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவார்.

எண்பதுகளில் காட்சி மாறுகிறது. 1983ல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்போலோ வந்தது. தனியார் முதலாளி தன் சாமர்த்தியத்தில் கட்டிய சாம்ராஜ்யம் என்று கார்ப்பரேட் மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சாமர்த்தியம் இருக்கட்டும். வெளிநாட்டுக் கருவிகளுக்குச் சுங்கவரி வேண்டாம் என்று 1988ல் விலக்கு கொடுத்தது மத்திய அரசு. வெளிநோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும், மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துக்குப் பத்து சதவீதப் படுக்கை ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கருவிகள் வந்தன. நாற்பது பேர் எங்கே போனார்கள்? இந்த நிபந்தனை ஒருநாள் கூத்தல்ல, தொடர்ந்து செய்ய வேண்டிய கடமை என்று உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. டெல்லியில் இதே அப்போலோ குழுமத்தின் ஆஸ்பத்திரிக்கு அரசு பதினைந்து ஏக்கர் நிலத்தை ஒரு ரூபாய் வாடகைக்குக் கொடுத்து, பங்குப் பணமும் போட்டது. மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு இலவசம் என்று ஒப்பந்தம். அதை நிறைவேற்றச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் 2009ல் தீர்ப்பு எழுதியது. சுதந்திரச் சந்தை என்று பெயர், வேருக்குத் தண்ணீர் ஊற்றியது கஜானா.

மருந்து விலையும் அப்படியே. 1979ல் 347 மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987ல் 142 ஆயின, 1995ல் 74. 1993ல் உலக வங்கி தன் ஆண்டறிக்கையையே சுகாதாரத்தில் முதலீடு பற்றித்தான் எழுதியது. அரசு அத்தியாவசியமான சிலவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், மற்ற சிகிச்சையைத் தனியாரும் காப்பீடும் பார்க்கட்டும் என்ற போக்கு அதில் இருந்தது.

அதே வருடங்களில்தான் தமிழ்நாட்டில் எதிர்த்திசையில் ஒரு காரியம் நடந்தது. மருந்துக் கொள்முதலில் ஊழல் நாறியதால் 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உண்டானது. மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்கி, ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு அனுப்பினார்கள். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அட்டையில் அச்சடித்த மாத்திரை நம் வீடுகளுக்கு வந்தது. அதற்கு முன்னால் மாத்திரையைக் காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுப்பார்கள், என்ன மாத்திரை என்று கடவுளுக்குத்தான் தெரியும். அரசுக்கு நிர்வாகம் தெரியாது என்பவர்களுக்கு இந்தக் கழகம் ஒரு பதில். கேரளாவும் ராஜஸ்தானும் பிற்பாடு இந்த வழியைப் பின்பற்றின.

அடுத்தது அட்டை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரை. பிரீமியம் கட்டுவது அரசு, வாங்குவது தனியார் காப்பீட்டுக் கம்பெனி, சிகிச்சைக்குப் போகலாம் தனியார் ஆஸ்பத்திரிக்கு. 2012ல் முதலமைச்சர் பெயரில் மாறி, பொதுத்துறைக் கம்பெனி வழியாக நடந்தது. பிறகு மத்தியத் திட்டத்தோடு இணைந்து தொகை ஐந்து லட்சமானது. இந்த அட்டையால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும், ஆகவே வாய்க்கு வந்தபடி திட்ட மாட்டேன். அரசு ஆஸ்பத்திரிகளும் இந்தப் பணத்தைக் கோரிப் பெற்றுக் கருவி வாங்கியிருக்கின்றன, அதுவும் உண்மை. ஆனால் அட்டை பெரிய அறுவைக்குத்தான் கை கொடுக்கும். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் தோல் வெடிப்புக்கும் அதைக் காட்ட முடியாது. என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அட்டையைப் பார்த்துவிட்டு, ஒப்புதல் வருவதற்கு முந்தின டெஸ்ட் எல்லாம் வெளியே, பணம் கட்டுங்க என்றார்கள். பதினெட்டாயிரம். என் சித்தி கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்து, 'இலவசம்னு சொன்னியேடா கண்ணு, இது இன்னா இலவசம்' என்று கேட்டார். ரசீது கேட்டோம், தரவில்லை.

காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்று கேட்டவரின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டு, அரசுப் பணத்தைத் தனியார் கம்பெனிக்குப் பிரீமியமாகக் கட்டினோம்.

தடுப்பூசிக் கதையையும் சுருக்கமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் 2008 ஜனவரியில் நிறுத்தி வைத்தார்கள். தரம் போதவில்லை என்று காரணம். தரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு உற்பத்தியை நிறுத்தினார்கள், எதிர்ப்பு கிளம்பி 2010ல்தான் உத்தரவு விலகியது. 2021ல் கொரோனா உச்சத்தில் தடுப்பூசிக்காகத் தனியாரிடம் கையேந்தி நின்றோம். மே 1லிருந்து பாதியை மத்திய அரசு வாங்கும், மீதியை மாநிலங்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் போட்டி போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். ஒரே கோவிஷீல்டு ஊசி மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. தமிழ்நாடு உலக டெண்டர் விட்டது, ஒரு கம்பெனியும் வரவில்லை. உச்சநீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, ஜூன் 21லிருந்து மாநிலங்களின் பங்கையும் மத்திய அரசே வாங்கிக் கொடுத்தது. சந்தை ஐம்பது நாள் ஆண்டது.

இதுவரை சொன்னது கட்டிலில் படுத்திருக்கிற நம்மைப் பற்றி. கட்டிலுக்குக் கீழே துடைக்கிற நம்மைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. தனியார்மயம் அரசு ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது எங்கள் ஊரில் டாக்டர் அறை வழியாக வரவில்லை. துடைப்பம் வழியாக வந்தது.

என் அத்தை 1980ல் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கார்டு வந்து, அரசு உத்தியோகம். தோட்டிச்சி என்று வார்டு பாய் கூப்பிட்டால் பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் வார்டு நாறும். சங்கத்தில் இருந்தார். பஞ்சப்படி, போனஸ், பண்டிகை முன்பணம், தையல் மிஷின் என்று அந்தச் சம்பளம்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று பேரைப் படிக்க வைத்தது, நான் எம்.ஏ. தமிழ் படித்தது உட்பட. எங்க பக்கம் அரசு ஆஸ்பத்திரியைத் தர்மாஸ்பத்திரி என்பார்கள். அத்தை காதில் அந்தச் சொல் விழக்கூடாது. 'தர்மம் இன்னாடா தர்மம்? எவன் அப்பன் வூட்டுக் காசு? நான் கழுவி வெச்ச எடம் இது, எனக்கு எவன்டா தர்மம் போட்றது?' என்பார். 2014ல் ஓய்வு பெற்றார். இன்றைக்கும் மாதம் பென்ஷன் வருகிறது.

அந்த வேலை அவரோடு முடிந்துவிட்டது. பணியிடத்தை நிரப்பவில்லை, துப்புரவை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். 2016ல் அத்தை மகள், எனக்கு மச்சி முறை, அதே ஆஸ்பத்திரியில் அதே வார்டில் சேர்ந்தாள். அரசு ஊழியர் இல்லை, கம்பெனி ஆள். மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிற கூலி ஒன்று, கையில் வருவது ஒன்று. கொரோனா காலத்தில் பிணத்தைப் பையில் சுற்றியவர்களில் அவளும் ஒருத்தி, ஒரே கையுறையைக் கழுவிக் கழுவிப் போட்டாள். செவிலியர்களுக்கும் இதே கதைதான், தொகுப்பூதியத்தில் வைக்கப்பட்ட அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். அவர்கள் போராட்டம் செய்தியில் வந்தது. துடைப்பக்காரிகள் போராடினால் மேஸ்திரி ஷிப்டை மாற்றுவான், அவ்வளவுதான். பணியிடம் போனால் ரோஸ்டரும் போகும் என்று நினைக்கிறோம். இந்த வேலையில் மட்டும் அப்படி ஆகாது. ஒப்பந்தக் கம்பெனியிலும் துடைக்க வருவது நம் ஆட்கள்தான். இடஒதுக்கீடு இல்லாமலே இந்த ஒரு வேலையை நூற்றுக்கு நூறு நமக்கே கொடுக்கிறது சந்தை.

மச்சியின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்று மாதாமாதம் பிடிக்கிறார்கள். போன வருடம் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்குப் போனாள், எண் நடப்பில் இல்லை, கம்பெனி கட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, காய்ச்சலுக்கு அது ஆகாது. ஆகவே ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்குத் தான் துடைக்கிற ஆஸ்பத்திரியிலேயே ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கிறாள். மேஸ்திரி பார்த்தால் அரை நாள் கூலியைப் பிடிப்பான் என்று, கம்பெனி சீருடை மேலே புருசனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.